கிளாடா மோதிரமும் வெள்ளிக் களிமண்ணும்

இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்திப் பிடித்திருக்கும். இதயத்தின்மேல் ஒரு மணிமுடி. அயர்லாந்தின் கிளாடா மோதிரம் இதுதான். கைகள் நட்பையும் இதயம் காதலையும் முடி விசுவாசத்தையும் குறிப்பதாகச் சொல்வார்கள். இந்த மோதிரத்தை வெள்ளிக் களிமண்ணால் வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்; நானும் இரண்டு செய்து பார்த்தேன். நகைத்தொழிலின்மேல் ஆழ்ந்த மரியாதை கொண்ட நண்பர் ஒருவரிடம் காட்டியபோது, "ஜப்பான் களிமண்ணில் அயர்லாந்து மரபா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாதி நியாயம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது அவர் நினைத்த பாதி அல்ல.

களிமண் என்ற பெயரே சற்று ஏமாற்றுவது. அதில் மண் கிடையாது. மிக நுண்ணிய வெள்ளித் துகள், அதைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கரிமப் பசை, தண்ணீர், இவ்வளவே. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் உருவானது. சப்பாத்தி மாவைப் போல உருட்டலாம், தேய்க்கலாம், ஊசியால் கீறலாம். காய்ந்தபின் சூடேற்றினால் பசை எரிந்து போகிறது. துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றன. வெள்ளி உருகுவது ஏறக்குறைய 962 பாகை செல்சியஸில். அதற்குச் சற்றுக் கீழே, 900 பாகையில், இரண்டு மணி நேரம் சிறு சூளையில் வைத்திருந்தால் உறுதியான மோதிரம் கிடைக்கும். வெளியே எடுக்கும்போது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க அந்த வெண்மைக்குள்ளிருந்து உலோகம் எழுந்து வருவதைப் பார்க்கவேண்டும். அதற்காகவே இன்னொரு மோதிரம் செய்யலாம்.

சுருக்கம்தான் தொல்லை. முதலில் வந்த வகை 30 விழுக்காடு வரை சுருங்கியது. பின்னர் வந்தவை, வகையைப் பொறுத்து, 8 முதல் 15 விழுக்காடு. ஆகவே விரலின் அளவைவிட இரண்டு மூன்று அளவு பெரிதாகவே வளையத்தைச் செய்யவேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் என் முதல் மோதிரம் ஒரு குழந்தையின் விரலுக்கே பொருந்தியது. போதாக்குறைக்கு, இதயத்தையும் வளையத்தையும் ஒட்டிய இடத்தில் வெடிப்பு வேறு.

இனி மரபுக்கு வருகிறேன். கைகோத்த வடிவ மோதிரங்கள் ரோமானியர் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் இருக்கின்றன. கிளாடா மோதிரம் அந்தப் பெருங்குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளை. கால்வே நகரத்துப் பொற்கொல்லர்கள் 1700-ஐ ஒட்டிச் செய்தவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர்களில் புகழ்பெற்றவர் ரிச்சர்ட் ஜாய்ஸ். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வழியில் அல்ஜீரியக் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அடிமையாக விற்கப்பட்டு, வாங்கிய பொற்கொல்லரிடமே தொழிலைக் கற்று, மூன்றாம் வில்லியம் மன்னரின் தலையீட்டால் 1689-இல் விடுதலையாகி ஊர் திரும்பினார் என்பது அவரைப் பற்றிய கதை. ஜேம்ஸ் ஹார்டிமன் 1820-இல் வெளியிட்ட கால்வே வரலாற்றில் இது இருக்கிறது. கதையை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அயர்லாந்தின் அடையாளமாகிவிட்ட ஒரு பொருளைப் பற்றி அயர்லாந்துக்காரர்களே சொல்லிக்கொள்ளும் கதையில், அந்தக் கைத்திறன் வட ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

செய்முறையும் ஒன்றாகவே இருந்ததில்லை. தொடக்கத்தில் கணவாய் மீனின் ஓட்டில் அச்சுக் குடைந்து உலோகத்தை வார்த்தார்கள். பின்னர் மெழுகு அச்சு வந்தது. 'கிளாடா மோதிரம்' என்ற பெயர் நிலைபெற்றதே 19-ஆம் நூற்றாண்டில்தான். கால்வேயின் மதிலுக்கு வெளியே, காரிப் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த மீனவக் குடியிருப்பு கிளாடா. அதன் கூரைவேய்ந்த பழைய வீடுகள் 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டன. ஊரின் பழைய முகம் மறைந்தது. மோதிரம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. இத்தனை மாற்றங்களைத் தாங்கிய ஒன்றை ஒரு பொட்டலம் ஜப்பானியக் களிமண் குலைத்துவிடும் என்று நான் நம்பவில்லை.

நண்பர் சிரித்திருக்கவேண்டிய இடம் வேறு. பலர் கடையில் வாங்கிய மோதிரத்தின்மேல் சிலிக்கோன் பசையை அழுத்தி அச்செடுத்து, அதில் களிமண்ணைத் திணித்துச் சுட்டுவிட்டு, 'என் கையால் செய்தது' என்கிறார்கள். அங்கே கை செய்த வேலை அழுத்தியது மட்டும்தான். யாரோ ஒரு தொழிலாளி செதுக்கிய விரல்களை எடுத்துக்கொண்டு அவர் பெயரை விட்டுவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. கைகளைச் செதுக்குவதுதான் இந்த மோதிரத்தின் முழுக் கடினமும். ஒரு நெல்மணி அளவுள்ள கையில் நான்கு விரல்கள் தெரியவேண்டும். கட்டைவிரல் இதயத்தைத் தொடவேண்டும். அதை விட்டுவிட்டால் பிறகு வீட்டில் செய்வதற்கு என்ன இருக்கிறது?

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. சுட்டபின் கிடைப்பது 99.9 விழுக்காடு தூய வெள்ளி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தூய வெள்ளி மென்மையானது. கடை மோதிரங்களில் வழக்கமாக உள்ள 92.5 விழுக்காட்டு வெள்ளிக்கு, சேர்த்த செம்பு வலுக் கொடுக்கிறது. தவிர, துகள்கள் இணைந்து உருவான உலோகத்தில் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். பின்னாளில் தட்டிப் பெரிதாக்க முயன்றால் விரிசல் விடலாம். கிளாடா மோதிரமோ தாயிடமிருந்து மகளுக்குப் போகும் பொருள். மகளின் விரல் தாயின் விரல்போல் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. பரம்பரைக்கு என்று செய்பவர்கள் நல்ல பொற்கொல்லரிடம் போவதே மேல் என்பேன்.

இரண்டாவது மோதிரத்தின் வளையத்தை 2 மில்லிமீட்டருக்குமேல் தடிப்பாக வைத்தேன். நண்பர் அதை விரலில் போட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. வலக் கையின் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் பெரிது என்றார்.