ஓம் பொருத்தம்: சில மறுப்புகள்

திறந்த முதுகு ஹெட்ஃபோனைத் தகுந்த ஆம்ப்ளிஃபயரோடு பொருத்திக் கேட்காத எவருக்கும் இசையைப் பற்றிப் பேசத் தகுதியில்லை என்று, கள்ளக்குறிச்சியில் நாங்கள் மாதந்தோறும் கூடும் அறையில் நண்பரொருவர் அறிவித்தார். 'தகுந்த' என்ற அந்தச் சொல்லின் விலை எழுபதாயிரம் ரூபாய் என்பது பிறகு தெரிந்தது. கூடியிருந்தவர்களில் மூவர் பள்ளி ஆசிரியர்கள். கைபேசியில் பாட்டுக் கேட்பவர்கள். அவர்கள் தலைகுனிந்ததைப் பார்த்தோம். நவீனக் கவிதை புரியவில்லை என்று சொன்னவரை ஒரு காலத்தில் எந்தப் புன்னகையோடு சிற்றிதழ்ச் சூழல் பார்த்ததோ, அதே புன்னகை இப்போது கண்ணிலிருந்து இறங்கிக் காதில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுக்க வேண்டியிருக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் அப்படிப் புன்னகைத்தவர்கள்தாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரண ஹெட்ஃபோனில் செவிக்கிண்ணத்தின் புறப்பக்கம் மூடியிருக்கும். திறந்த முதுகில் அது சல்லடை. ஒலி உள்ளே அடைபட்டு முட்டி மோதாமல் வெளியேறிவிடுவதால் ஒரு காற்றோட்டம் கிடைக்கிறது. தலைக்குள் இசை இறுகுவதில்லை. வெளியுலகமும் அதே சல்லடை வழியாகத் தடையின்றி உள்ளே வரும். இவ்வகையில் முதலாவதான சென்ஹைசர் எச்.டி. 414, மஞ்சள் நுரைப்பஞ்சு வைத்தது, 1968இல் வந்தது. அதன் இம்பீடன்ஸ் 2000 ஓம். தனி ஆம்ப்ளிஃபயர் என்ற சடங்கெல்லாம் அப்போது கிடையாது. வீட்டில் இருந்த வானொலியிலோ டேப் ரெக்கார்டரிலோ செருகிக் கேட்டார்கள்.

அதே 1968இல்தான் 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது. நண்பர் தம் கருவியின் பெருமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டியதும் அதைத்தான். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் இடப்பக்கம் ஆறடி தள்ளி நிற்பதையும், தவில் வலப்பக்கம் சற்றே பின்வாங்கி அமர்ந்திருப்பதையும் அந்த ஆம்ப்ளிஃபயர் காட்டிக் கொடுத்ததாகச் சொன்னார். மோனோ பதிவு அது. தமிழ்த் திரைப்பாடல் ஸ்டீரியோவுக்கு வந்ததே 1978இல், 'ப்ரியா'வில். ஒரே ஒலித்தடம் இரு செவிக்கும் ஒன்றுபோலச் செல்லும் பதிவில் இடமென்றும் வலமென்றும் எதுவும் இல்லை. பின்னாளில் யாரோ செயற்கையாக இரண்டாகப் பிரித்த நகலைக் கேட்டிருந்தால், அவர் கண்டடைந்த மேடை அந்தப் பிரித்தவருடைய கைவண்ணம். ஆம்ப்ளிஃபயருக்கு அதில் பங்கில்லை. இதைச் சொன்னபோது, "உங்கள் கருவியில் அது கேட்காது" என்றார். எதையும் பொய்யென்று நிரூபிக்க இடம் தராத வாக்கியம். விமர்சனத்திலும் இதே வகை வாக்கியங்களை வெகுகாலமாகச் சகித்துவருகிறோம்.

இனி பொருத்தம். ஜாதகத்தைப் போல இங்கும் எண்ணும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 300 ஓம் ஆம்ப்ளிஃபயர் என்று. உண்மை நேர்மாறு. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இதற்கு அடுத்து, தேவையான வோல்ட்டும் மின்னோட்டமும் கிடைக்கிறதா என்பது. அவ்வளவுதான் விஷயம், பள்ளிக்கூடக் கணக்கு. 2003இல் வந்த எச்.டி. 650ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலிக்கும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். 1 வோல்ட் என்பது அதில் 3.3 மில்லிவாட். ஆப்பிள் நிறுவனம் சுமார் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் விரல் நீள இணைப்பு வடத்தின் அமெரிக்க வடிவம் ஏறக்குறைய அந்த 1 வோல்ட்டைத் தந்துவிடுகிறது. (ஐரோப்பிய வடிவம் அதில் பாதிதான் தரும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் செருகினால் இன்னும் குறையும், வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.) அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் 1 ஓமுக்கும் கீழே. 103 டெசிபலைத் தாண்டி நாதஸ்வரம் கேட்க வேண்டுமானால் தவில்காரரின் மடியில்தான் உட்கார வேண்டும்.

இந்த வித்தையை எங்களுக்குச் சொல்லித் தந்தது எந்த ஒலியிதழும் அல்ல, ஊரில் ரேடியோ செட் போடும் ஒரு பெரியவர். ஆடி மாதம் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றும் நாட்களில் தெரு நீளத்துக்குக் குழாய் கட்டுகிறவர். இரண்டு 16 ஓம் யூனிட்டை இணையாகக் கட்டினால் ஆம்ப்ளிஃபயர் காண்பது 8 ஓம்; நான்கைக் கட்டினால் 4; அதற்கும் கீழே போனால் ஆம்ப்ளிஃபயர் புகையும். தூரம் அதிகமென்றால் 100 வோல்ட் லைனுக்கு மாறி, குழாய்க்கொரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, மொத்த வாட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தப்பினால் திருவிழா நடுவில் பாட்டு நிற்கும், ஊர் சட்டையைப் பிடிக்கும். தவறின் விலையைத் தானே கொடுக்கிற மனிதரின் அறிவு அது. எழுபதாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது, "சவுண்டு பத்தலையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பத்துகிறது என்றோம். "அப்பறம் எதுக்கு?" என்றார்.

எங்கள் வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம். இருட்டில் அதன் கண்ணாடிக் குமிழ்கள் செம்மஞ்சளாய்க் கனலும் அழகுக்கே பாதிப் பணம் தகும். மிருதங்கத்தின் தொப்பி அதில் கூடுதல் ஈரத்தோடு ஒலித்தது. ஆன்மா என்று நாங்களும் எழுதினோம். பிறகு ஒருநாள் அதன் குறிப்பேட்டைப் படித்தோம். வெளியீட்டு இம்பீடன்ஸ் 120 ஓம். எச்.டி. 650க்கு 300 ஓம் என்று பொதுவாகச் சொன்னாலும், 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த சுரங்களில் அது 500 ஓம் அளவுக்கு உயர்கிறது. 120 ஓமுக்குப் பின்னால் நின்று பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஒலி சுமார் 1 டெசிபல் மிகும். எங்கள் ஆன்மாவின் எடை அதுதான். வானொலி பழுதுபார்க்கும் கடையில் இரண்டு ரூபாய்க்கு ஒரு ஜோடி ரெசிஸ்டர் வாங்கி, அந்த ஆயிரம் ரூபாய் வடத்துக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே தடத்துக்கு ஒன்றாகப் பற்றவைத்தோம். மல்ட்டிமீட்டரில் அளந்து ஒலியளவைச் சமமாக்கி, ஒருவர் கண்ணைக் கட்டிக் கேட்கச் செய்தோம். எது வால்வு, எது வடம் என்று அவர் சொன்னது காசைச் சுண்டிப் போட்டதைப் போலவே இருந்தது. அந்த 'அவர்' வேறு யாருமல்ல, கூடுகையில் அறிவிப்புச் செய்த அதே நண்பர். அன்று மனநிலை சரியில்லை என்று இன்றுவரை சொல்லிவருகிறார்.

ஆம்ப்ளிஃபயரே தேவையில்லை என்கிற எதிர்முனைக்காரர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஹைஃபைமேன் எச்.இ.-6 என்றொரு தட்டைச்சவ்வு ஹெட்ஃபோன் வந்தது. 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபலே எழுப்பும். ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் உச்சத்துக்கு 110 டெசிபல் வேண்டுமென்றால் எச்.டி. 650க்கு 17 மில்லிவாட் போதும், இதற்கு 450 மில்லிவாட் அளவில் தேவை. கைபேசி வடம் இங்கே மூச்சுத் திணறும். எங்கள் 120 ஓம் வால்வும் திணறும், ஏனெனில் தன் வோல்ட்டில் பத்தில் ஏழு பங்கைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். இத்தகைய கருவிக்கு வலுவான, குறைந்த இம்பீடன்ஸ் கொண்ட ஆம்ப்ளிஃபயர் கட்டாயம். கணக்கு கேட்கிற இடத்தில் கொடுங்கள் என்பதே எங்கள் கட்சி. பெய்யர்டைனமிக் டி.டி. 990 போல ஒரே மாதிரி 32, 250, 600 ஓம் என்று பல உருவில் விற்கப்பட்டதையும் பார்க்கிறோம். எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் பிறகு ஆம்ப்ளிஃபயர் கடைக்கு ஓடுகிறார்கள். மரக்கிண்ண மோகத்தைப் பற்றி ஒரு வரி: கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கும் பெருமைதான்; அதற்காக ஹெட்ஃபோனின் முதுகில் யாளி செதுக்கினால் சண்முகப்ரியா இனிக்காது.

இவ்வளவு பேசுகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி, இதை எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பது. எங்கள் அறை பேருந்து நிலையத்துக்கு அருகில். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்கின்றன. ஜன்னலைத் திறந்தால் எங்கள் கைபேசி மானி எப்போதும் 60ஐத் தாண்டியே நிற்கும். திறந்த முதுகு இதில் ஒரு டெசிபலையும் தடுக்காது. சேலம் பேருந்தின் காற்று ஹாரன் ஆலாபனைக்குள் நேரே நுழையும். ஆகவே ஒலியைக் கூட்டுவோம். 85க்குப் போவோம். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு 80 டெசிபலே எல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். செவியின் நரம்பணுக்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. அப்போது "ஆம்ப்ளிஃபயர் போதவில்லை" என்று தோன்றுகிறதே, அந்தத் தோற்றத்தின் மேல்தான் ஒரு வணிகமே நடக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் அதே ஹெட்ஃபோனையும் வடத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு ஏறினால் வெள்ளிமலை. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் இரவு தங்கல். மின்சாரம் போயிருந்தது, வால்வைத் தூக்கி வந்திருந்தால் அலங்காரப் பொருளாகியிருக்கும். பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டோம். ஊரில் கேட்கும் அளவுக்கு வைத்ததும் காது கூசியது. குறைத்தோம். மறுபடி குறைத்தோம். நிம்மதியாகக் கேட்கிற இடத்துக்கு வந்தபோது ஊரைவிட 20 டெசிபல் கீழே இருந்தோம். 20 டெசிபல் என்பது மின்திறனில் நூறில் ஒரு பங்கு. தம்பூராவின் மீட்டலுக்கும் அடுத்த மீட்டலுக்கும் இடையில் பாடகர் மூச்சிழுப்பது கேட்டது. எங்கள் அறையில் அது ஒருநாளும் கேட்டதில்லை. திண்ணைக்கு அப்பால் தவளைகள் இருந்தன. வீட்டு அம்மா களி ஆறுகிறது என்று கூப்பிட்டதும் கேட்டது. திறந்த முதுகு இந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது. பேருந்து நிலையத்தருகே வாழ்கிறவருக்கு மூடிய முதுகே தகும் என்று ஒரு விற்பனையாளரும் எங்களிடம் சொல்லவில்லை.

கடைசியாக, எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். ஆம்ப்ளிஃபயர் பெருக்குவது எதை? தமிழில் நாம் கேட்கும் ஒலிமூலங்களின் கதி என்ன? மத்திய அலையில் வந்த வானொலிக் கச்சேரிகள் 5000 ஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிட்டவை. யாரோ கேசட்டில் பிடித்து, அதை இன்னொருவர் நகலெடுத்து, மூன்றாமவர் இரைச்சல் நீக்குகிறேன் என்று சுரத்தின் ஓரங்களையும் சேர்த்து மழித்து இணையத்தில் போட்டது. ஏட்டைக் கரையானுக்கு விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு எழுபதாயிரம் செலவழிக்கிறோம். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்ததைப் போற்றிப் பேசும் அதே வாயால்தான் 'வால்வின் கதகதப்பு' என்றும் பேசுகிறோம்.

அந்த ரேடியோ செட் பெரியவரின் வீட்டில் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் சுற்றுவட்டார ஊர்களில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்துகளை, மைக் கட்டப் போன இடத்தில், தன் ஆசைக்காகக் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். ஒன்றை வாங்கி வந்து ஓட்டினோம். கம்பளிக்குள்ளிருந்து பாடுவதைப் போல மந்தமாக இருந்தது. முகவீணை இருக்கும் இடமே தெரியவில்லை. நண்பர் உடனே ஆம்ப்ளிஃபயரை மாற்றச் சொன்னார். பெரியவர் சிறிய திருப்புளி ஒன்றை எடுத்து, பிளேயரின் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினார். கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. பதிந்த ஹெட்டும் படிக்கும் ஹெட்டும் ஒரே சாய்வில் நில்லாவிட்டால் உச்ச சுரங்களே முதலில் அழியும். கால் சுற்றுக்கும் குறைவான திருப்பலில் முகவீணை கீறிக்கொண்டு எழுந்தது. பின்னால் கட்டியங்காரனுக்கு ஊர் சிரித்தது. ஒரு குழந்தை அழுதது. இதுவும் மோனோதான்.

வால்வு ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டோம். வந்த பணத்தில் நல்ல நிலையில் ஒரு கேசட் டெக்கும், கையடக்கப் பதிவுக் கருவி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிறோம்; இரைச்சலை நீக்குவதில்லை. ஒவ்வொரு கேசட்டுக்கும் திருகைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போய்விடுகிறது. இதுவரை பதினொன்று முடிந்திருக்கின்றன. பெட்டியில் இன்னும் அறுபதுக்கு மேல் இருக்கின்றன, சிலவற்றில் பூஞ்சை ஏறிவிட்டது. நண்பரையும் அழைத்திருக்கிறோம். திருப்புளி பிடிக்க ஆள் போதவில்லை.