தாய்மொழிக்குத் திரும்பிய நடிகை

நடிகை என்றதும் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கியபாடில்லை. அழகு இருந்தால் போதும், அத்தொழிலுக்கு அறிவும் உழைப்பும் எதற்கு என்போரும் உளர். மெக்சிக்கோ நாட்டு நடிகை டோலோரஸ் டெல் ரியோவின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு சொல்லத் தயங்குவர் என்பது எம் கருத்து.

1904-இல் துராங்கோ நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1910-இல் மூண்ட புரட்சியில் குடும்பம் உடைமைகளை இழந்து தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பிரெஞ்சுக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றார். (நம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்ள எமக்குச் சிறு பெருமை!) 1925-இல் ஹாலிவுட் சென்று, பேசாப்பட நாள்களில் பெரும்புகழ் பெற்றார். ஆனால் ரஷ்யக் குடியானவப் பெண், தென்கடல் தீவுப் பெண், பிரேசில் சீமாட்டி எனத் தூரதேசத்து அழகி எவளாயினும் அவரையே அழைத்தனர். முகம் வேண்டியிருந்தது, குரல் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை.

1942-இல் அனைத்தையும் விட்டுத் தாயகம் திரும்பினார். வயது முப்பத்தெட்டை நெருங்கியிருந்தது. தாய்மொழியான ஸ்பானியத்தில் பேசி நடித்தது அதன் பிறகுதான். 1943-இல் எமிலியோ பெர்னாண்டஸ் இயக்கிய 'மரியா கண்டெலாரியா'வில், சோச்சிமில்கோவின் நீர்வழிகளில் பூ விற்கும் பழங்குடிப் பெண்ணாக வருகிறார். தாய் நடத்தை தவறியவள் என்பதற்காக மகளை ஊரே ஒதுக்குகிறது. ஓர் ஓவியர் அவள் முகத்தை வரைந்து, உடலுக்கு வேறொரு பெண்ணை வைத்து ஓவியத்தை முடிக்கிறார். அதைக் கண்ட ஊரார் ஒரு வார்த்தையும் கேளாமல் அவளைக் கல்லால் அடித்துக் கொல்கின்றனர். முதல் கல்லை எறிய ஆண்டவர் யாரை அழைத்தார் என்பதை அவ்வூரில் எவரும் நினைக்கவில்லை போலும்! பட்டும் நகையும் அணிந்து பழகியவர் ஏழைப் பெண்ணாக நடித்தது பொருந்தவில்லை என்போருடன் நாம் ஓரளவு உடன்படுகிறோம். ஆயினும் 1946-இல் கான் விழாவில் உயர் பரிசு பெற்ற படங்களுள் அதுவும் ஒன்று. மெக்சிக்கோவின் ஏரியல் விருது அவருக்கு மும்முறை கிடைத்தது.

1947-இல், கிரகாம் கிரீனின் நாவலைத் தழுவி ஜான் ஃபோர்டு இயக்கிய படத்தில், வேட்டையாடப்படும் குருவிடம் தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டும் தாயாக நடித்தார்.

வீண்பழி அவரையும் விடவில்லை. பொதுவுடைமையாளர் என்ற ஐயத்தால் 1954-இல் அமெரிக்கா அவருக்கு அனுமதி மறுத்தது. அவருக்கென இருந்த வேடம் கேட்டி ஹுராடோவுக்குச் சென்றது. அவ்வேடத்துக்காக ஹுராடோ ஆஸ்கர் விருதுக்கும் முன்மொழியப்பட்டார். டோலோரஸோ 1956-இல், ஐம்பது வயதைக் கடந்த பின், 'அனஸ்தாசியா' நாடகத்தின் மூலம் மேடையேறினார். தவறினால் மீண்டும் படம்பிடிக்க வழியில்லாத இடம் அது. திரையில் முப்பதாண்டு புகழ் கண்டவர் அங்கே புதிய மாணவியாக நிற்கத் துணிந்ததையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

இரு திருமணங்கள் முறிந்து மூன்றாவது மணம் செய்தவர் அவர்; அவரைப் புனிதை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நாடகத்தில் நடிக்க விரும்பும் மகளைக் குடும்ப மானத்தின் பெயரால் தடுக்கும் பெற்றோர், இப்பெண்ணின் உழைப்பையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

அவர் 1983-இல் காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1970களில், நடிகையர் வேலைக்குச் செல்லும் வேளையில் அவர்தம் குழந்தைகளைப் பேணும் காப்பகம் ஒன்று அமைய முன்னின்று உழைத்தார். அவருக்குக் குழந்தைகள் இல்லை.