கீரையும் குருதி மருந்தும்

குருதி உறையாதிருக்க வார்பரின் குளிசை உட்கொள்ளும் முதியோர் வைலேயிலும் நம்மிடையே உளர். அம்மருந்தால் குருதி நீர்த்துவிடுவதில்லை. கொழுப்பற்ற தீனியுண்ட கோழிக்குஞ்சுகள் குருதி கசிந்து வருந்துவதைக் கொப்பன்ஹேகன் அறிஞர் ஹென்ரிக் டாம் ஆராய்ந்து, 1935இல் விற்றமின் 'கே'க்குப் பெயரிட்டார். 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசிலும் பங்குபெற்றார். ஈரல் உறைதற் புரதங்களை நிறைவாக்க இவ்விற்றமின் வேண்டும். வார்பரின் அதன் தொழிலைத் தடுக்கின்றது. ஹெப்பரின் ஊசியோ, குருதிக்கலன்களின் உட்சுவர்க் கலங்களிலிருந்து உறைதலைத் தடுக்கும் புரதமொன்றையும் வெளிவரச் செய்கின்றது.

கீரைகளில் இவ்விற்றமின் மிகுதி. ஒருவாரம் நிறைய உண்டு மறுவாரம் முற்றாக விட்டால், மருந்தின் அளவு பிசகிவிடும். கட்டியோ குருதிக்கசிவோ நேரலாம். ஆதலின், கீரையை ஒரே சீராக உண்போம். நாட்டுமருந்தை வைத்தியரிடம் கூறாது சேர்க்காதிருப்போம். டெனிஸ் மொழி தடையாயின், அறிந்தவரை உடனழைத்துச் செல்வோம், மௌனம் மருந்தாகாது.