பரணில் தூங்கும் மடிக்கணினி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதம் அவற்றில் இருக்கிறது. ஏரியைக் கவனிக்க "ஏரி வாரியம்" என்று ஒரு குழு இருந்த விவரமும் இருக்கிறது.

ஏரி தூர்ந்து போனால் ஊரார் என்ன செய்வார்கள்? வேறு ஏரி வெட்டுவார்களா? மாட்டார்கள். தூர் வாருவார்கள், கரையை உயர்த்துவார்கள்.

இந்த யோசனை கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் பலருக்கு வருவதில்லை. "மெதுவாக ஓடுகிறது" என்று ஒரு வார்த்தை சொல்லி, பரணில் ஏற்றி விடுகிறார்கள். பிறகு ஒரு நாள் அது பேரீச்சம்பழத்துக்குப் போய்விடுகிறது!

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அதன் பிறகு லட்சக்கணக்கான மாணவ, மாணவிகள் வாங்கினார்கள். உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களிலும், வீட்டில் முதல் முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் பல குடும்பங்களுக்கு அதுதான். வாங்கிய பெண் படித்து முடித்துக் கல்யாணமாகிப் போயிருப்பாள். கணினி பரணில் இருக்கும்.

அதை இறக்கலாம். வீட்டுக்குச் "சர்வர்" ஆக்கலாம்.

தட்டு பெரிதானால்...

சர்வர் என்றதும் ஓட்டல் சர்வர் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை. வேலை ஒன்றுதான். கேட்டதை எடுத்து வந்து வைப்பது. வீட்டுச் சர்வர் ஒரு மூலையில் ஓடிக் கொண்டிருக்கும். கல்யாணப் புகைப்படம், நிலத்துப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் உள்ள கைபேசிகள் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையுமே அதில் இறக்கி வைக்க முடியும். "கிவிக்ஸ்" என்ற இலவச மென்பொருள் அதற்கு உதவுகிறது. இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் படிக்கலாம்.

சரி, அது ஏன் மெதுவாக ஓடுகிறது? ஓட்டல் சர்வரின் கையில் உள்ள தட்டுதான் "ரேம்" என்கிற நினைவகம். சமையல்கட்டுதான் டிஸ்க். தட்டு சின்னதாக இருந்தால், ஒவ்வொரு காப்பிக்கும் சர்வர் உள்ளே ஓட வேண்டும். தட்டைப் பெரிதாக்கினால் ஒரே நடையில் எட்டுக் காப்பி வரும். ஆரம்ப காலத்து இலவச மடிக்கணினிகளில் 2 ஜி.பி. ரேம்தான் இருந்தது. அதை 4 ஆக்கினாலே ஆள் மாறிவிடும்.

பணத்தை எடுக்குமுன் ஒரு வார்த்தை. உண்மையிலேயே ரேம்தான் குறைவா என்று முதலில் பாருங்கள். லினக்ஸ் போட்டிருந்தால், "ஃப்ரீ" என்ற கட்டளை மிச்சம் எவ்வளவு என்று காட்டிவிடும். படமும் பாடமும் எடுத்துக் கொடுக்க மட்டும் என்றால் அதிகம் வேண்டியதே இல்லை. இன்னொன்று, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 2 ஜி.பி.க்கு மேல் எத்தனை போட்டாலும் கண்டுகொள்ளாது. பணம் வீண்! லினக்ஸ் இலவசம். அதை ஏற்றிவிட்டுப் பிறகு கடைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

கடையில் "ரேம் கொடுங்கள்" என்றால் போதாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போக வேண்டும். டி.டி.ஆர்.3 ரகத்தில் உள்ள வெட்டு வேறு இடத்தில், டி.டி.ஆர்.4 ரகத்தில் உள்ள வெட்டு வேறு இடத்தில். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று உட்காராது. அழுத்தினால் போர்டு உடையும். மடிக்கணினி ரேம் குட்டை. மேஜைக் கணினி ரேம் நீளம். சென்னை ரிச்சி தெருவில் பழைய ரேம் விற்கிறார்கள். ஆனால் பஸ் ஏறுமுன் பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம். அங்கே திரை உடைந்த மடிக்கணினி ஒன்று இருக்கும். ரகம் ஒத்து வந்தால் காலணா செலவில்லை.

கரண்டு கணக்கு

"கம்பெனிகள் கழித்த பெரிய சர்வர் மலிவாகக் கிடைக்கிறதே! அதில் ரேமும் ஏராளம்" என்பார்கள் சில இளைஞர்கள். உண்மைதான். ஆனால் கரண்டு கணக்கைப் பாருங்கள். 150 வாட் இழுக்கும் சர்வர் இரவும் பகலும் ஓடினால், நாளைக்கு 3.6 யூனிட். இரண்டு மாதத்தில் 216 யூனிட். வீடுகளுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும். 20 வாட் மடிக்கணினி அதே இரண்டு மாதத்தில் 30 யூனிட்டைக்கூடத் தொடாது. கரண்டு போனாலும் பாட்டரி நன்றாக இருந்தால் நிற்காது. அந்தப் பெரிய சர்வரின் ரேமைக் கழற்றி வீட்டுக் கணினியில் போடலாமா என்றால், அதுவும் பெரும்பாலும் முடியாது. அது தனி ரகம்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதக் கணினி நிலையங்கள் ரேமை அள்ளிக் கொண்டு போகின்றன. உலகத்து ரேமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். மைக்ரான் கம்பெனி, சாதாரண மக்களுக்கு "குரூஷியல்" என்ற பெயரில் விற்று வந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு கட்டிடம் எழும்பினால், உத்திரமேரூர் மாணவனின் பாக்கெட்டில் கை விழுகிறது!

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இப்போது ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்து விடுகிறார்கள். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. அரசு வாங்கும்போது, "ரேம் செருக ஒரு காலி இடம் வேண்டும்" என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் என்ன? லட்சக்கணக்கில் வாங்குகிறவர் சொன்னால் கம்பெனிக்காரர் கேட்பார். தனி மனிதன் சொன்னால் கேட்பாரா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரணில் ஏறுகிறவர்களுக்கு: சார்ஜரைப் பிடுங்குங்கள். பாட்டரியைக் கழற்றுங்கள். ஏதாவது ஒரு இரும்பைத் தொட்டுவிட்டுப் பிறகு ரேமில் கை வையுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதைக் கெடுத்துவிடும். புது ரேமைச் சாய்வாகச் செருகி, "கிளிக்" சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு "மெம்டெஸ்ட்" என்ற இலவசச் சோதனையை ஒரு ராத்திரி முழுவதும் ஓட விடுங்கள். காலையில் பிழை காட்டினால், ரேமை அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.