பசிக்கு ஐந்தாண்டுத் தவணையா?

கோடம்பாக்கத்துத் தோழர்களே! பத்தாம் வகுப்புத் தேறியும், படப்பிடிப்பில் விளக்குத் தூக்கும் வேலைகூடக் கிட்டாமல் தெருவில் நிற்கும் தம்பிக்கு அரசு தரும் உதவித்தொகை திங்களுக்கு 300 ரூபாய். நாளுக்குப் பத்து! தேநீர்க் கடைக்காரர் சிரிப்பார். பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்றே ஆண்டுகள்.

2006-இல் கலைஞர் ஆட்சியில் வந்த திட்டம்தான். நம்மவர் தந்தது என்பதற்காக நாம் வாய்பொத்தி இருக்க முடியுமா?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு முடிந்தால்தான் விண்ணப்பிக்கலாமாம். பசி காத்திருக்குமா? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டுமாம். அதாவது திங்களுக்கு 6,000. தந்தை ஒரு ரூபாய் கூடுதலாக ஈட்டினால் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாகப் பொருளா? சென்னையில் வீட்டு வாடகை என்னவென்று கோட்டைக்குத் தெரியாதா? வரம்பை உயர்த்து என்கிறோம்!

அதுவரை, இருப்பதையாவது இழக்க வேண்டாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் மூப்புப் போய்விடும். தொகை பெறுவோர் ஆண்டுதோறும் உறுதிமொழிப் படிவம் தராவிட்டால் பணம் நின்றுவிடும். வட்டத் தோழர்கள் இன்று மாலையே வீடுவீடாகச் சென்று, பதிவு அட்டையைப் பார்த்து, புதுப்பிக்கும் நாளைக் குறித்துக் கொடுங்கள். வருமானச் சான்றுக்கு அலையும் தாயோடு ஒருவர் துணைக்குப் போங்கள்.