ஃபார்மட் பண்ணவா என்று கேட்டால்...

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில் ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். "அண்ணா, நைனா நிலத்தைச் சுத்திக் காட்டுற வீடியோ உன்கிட்டதானே இருக்கு? கானுக மரத்தாண்ட நின்னு, கல்லு எங்க இருக்குன்னு சொல்வாரே, அது. அர்ஜெண்டா வேணும்."

இருக்கு என்று சொல்லிவிட்டேன். எங்கே இருக்கு என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

ஊர் தெரியாதவர்களுக்கு: நாகலாபுரம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி தாண்டிப் போனால் வரும். நான் பிறந்தபோது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, அப்பாவைக் கூப்பிடுவது நைனா. புங்க மரம் எங்கள் வாயில் கானுக மரம். இரண்டு மொழிக்காரர்களும் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், நாங்களும் கூடவே சிரித்துவிடுவோம் :-)

ஆந்திராவில் 2020 டிசம்பரில் நில மறுஅளவை ஆரம்பித்தது இல்லையா, அது எங்கள் பக்கம் வந்துபோன பிறகு பக்கத்து நிலத்துக்காரருக்கும் எங்களுக்கும் வரப்பில் மூன்று அடி தகராறு. பழைய கல் மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம் ஆச்சு. அது இருந்த இடம் தெரிந்த ஒரே ஆள் நைனா, அவர் 2009-ல் போய்விட்டார். வீடியோ எல்லாம் சட்டப்படி சாட்சி ஆகாது என்று பேங்க்காரனான எனக்குத் தெரியும். ஆனால் எங்கே தோண்டிப் பார்ப்பது என்றாவது தெரியுமே!

2006-ல் லீவில் போனபோது புது டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. ஆறு துண்டு. சென்னையில் அசெம்பிள் பண்ணி வைத்திருந்த கம்ப்யூட்டரில் இரண்டாவதாக மாட்டிய 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தேன். 2010-ல் கனடா கிளம்பும்போது கம்ப்யூட்டரை விற்றுவிட்டு அந்த டிஸ்கை மட்டும் கழற்றி, ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்து வந்தேன். அப்புறம் ஸ்கார்பரோவில் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், ஷூ டப்பாவில், பதினைந்து வருஷம். வேறு காப்பி கிடையாது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நான் செய்வது பேங்க் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாள் கணக்கை முடித்து பேக்கப் எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எடுத்ததில் ஒன்று வெளியே வேறு கட்டடத்துக்குப் போகும். நம்மூர் பேங்க்குகளில் பணப்பெட்டகத்தின் டூப்ளிகேட் சாவியை அதே கிளையில் வைக்க மாட்டார்கள், இன்னொரு கிளையில் கொடுத்து வைப்பார்கள். இதையெல்லாம் கையெழுத்துப் போட்டுச் செய்தவன், சொந்த நைனா குரலை ஒரே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம்.

சரி, மேட்டருக்கு வருகிறேன். அந்த டிஸ்கை எடுத்து வந்து, கடையில் வாங்கிய யு.எஸ்.பி. அடாப்டரில் மாட்டினேன். பழைய ஐ.டி.இ. வகை, பட்டையான நாற்பது முனை கேபிள் மாட்டுவது. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் அதற்கு இடமே இல்லை. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. குளிரில் கிடந்த டிஸ்கை உடனே மாட்டாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி வியர்க்கும். நான் அரை நாள் மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் தொட்டேன். (நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.)

மின்சாரம் கொடுத்தேன். சுற்றுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. கழற்றி மாட்டினேன், வரவில்லை. வேறு யு.எஸ்.பி. துளையில் போட்டேன், வரவில்லை. மனைவி எட்டிப் பார்த்து, "செத்துப் போச்சா?" என்றாள். ஒரு டிஸ்கைப் பற்றித்தான் கேட்டாள் என்றாலும் எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது.

எதிர் வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி இருக்கிறார், கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்தவர். அவர் வந்து டிஸ்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஜம்பரைப் பாத்தனீங்களோ?" என்றார்.

பார்க்கவில்லை. பி.காம். படித்தவனுக்கு ஜம்பர் என்றால் பாட்டி போட்டது.

பழைய ஐ.டி.இ. கேபிள் ஒன்றில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். யார் முதல், யார் இரண்டாவது என்பதை டிஸ்கின் பின்பக்கம், கேபிள் துளைக்கும் மின்சாரத் துளைக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊசிகளில் ஒரு நெல்மணி அளவு மூடியைச் செருகிச் சொல்ல வேண்டும். மாஸ்டர், ஸ்லேவ் என்று பேர் (என்ன பேரோ!). சென்னையில் இரண்டாவதாக மாட்டியதால் அது ஸ்லேவாகவே இருந்தது. இங்கே அடாப்டரில் அது தனி ஆள். எஜமான் இல்லாத இடத்தில் அடிமை என்று சொல்லிக்கொண்டு நின்றால் யார் கண்டுகொள்வார்கள்? பல அடாப்டர்கள் மாஸ்டரைத் தவிர வேறு எதையும் பார்க்காதாம். ஒரு கம்பெனி டிஸ்கில் மூடியே இல்லாவிட்டால் ஸ்லேவ் என்று அர்த்தம், இன்னொரு கம்பெனியில் அதுவே தனி மாஸ்டர். அந்தந்த டிஸ்கின் லேபிளில் படம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மாற்ற வேண்டும். டுவீசரால் மூடியை எடுத்து ஒரு வரிசை தள்ளி வைத்தார். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் "டிங்" என்றது.

மூன்று அடி நிலமும் நைனா குரலும் பதினைந்து வருஷமாய் ஒரு நெல்மணிக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நான் அதைக் குப்பையில் போட இருந்தேன்.

இது நான் மட்டும் செய்கிற தப்பு இல்லை. எங்கள் மாடியில் இன்னொருவர் ஊரிலிருந்து கேபினட்டோடு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, ஓடவில்லை என்று ஹார்ட் டிஸ்க் மேல் பழி போட்டார். பின்னால் பவர் சப்ளையில் சிவப்பு சுவிட்ச் 230-ல் இருந்தது. இங்கே வருவது 120 வோல்ட். பாதிப் பட்டினியில் எது ஓடும்? (திருப்பி, 115-ல் வைத்த பெட்டியை இந்தியாவுக்குக் கொண்டுபோய் அப்படியே செருகாதீர்கள். புகை வரும்.) இந்த மாதிரி டிஸ்குகளுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும். முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை வெளி டிஸ்க் பெட்டியில் செருகி எரித்தவர்களும் உண்டு.

டிங் என்றதும் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் பண்ண வேண்டும், பண்ணவா? என் பையன், பதினாலு வயசு, மவுஸ் அவன் கையில். "அப்பா, ஃபார்மட் பண்ணணுமாம், ஓகே குடுக்கவா?" என்றான். எதிர் வீட்டுத் தம்பி பாய்ந்து யு.எஸ்.பி. கேபிளை உருவிவிட்டார்.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். பழைய டிஸ்க் தானாகச் சாவதைவிட, படிக்கவில்லையே என்ற பதட்டத்தில் நாம் கொல்வதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பார்த்த வரையில் இதே கதைதான். ஒருத்தர் ஓகே அழுத்தினார். ஒருத்தர் செக் டிஸ்க் ஓட்டினார். ஒருத்தர் ஃப்ரீஸரில் வைத்தார். ஒருத்தர் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்து வாயால் ஊதினார், தட்டுக்கு மேல் முனை தூசியைவிடச் சின்ன இடைவெளியில் பறக்கிற சாமான் அது!

ஃபார்மட் என்ன செய்கிறது என்று பேங்க் பாஷையில் சொல்கிறேன். டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு இன்டெக்ஸ் லெட்ஜர் உண்டு. அந்த லெட்ஜரில் பக்கம் கிழிந்தால் கம்ப்யூட்டர், "இங்கே கணக்கே இல்லை, புது லெட்ஜர் போடவா?" என்று கேட்கிறது. பணம் பெட்டகத்தில் அப்படியே இருக்கிறது. க்விக் ஃபார்மட் கொடுத்தால் புது லெட்ஜர் மட்டும், பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். பெட்டகத்தையே கழுவி விட்ட மாதிரி. செக் டிஸ்க் லெட்ஜரை ஒழுங்குபடுத்தும், உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. லெட்ஜர் டேலி ஆகவில்லை என்றால் எதிரே நிற்கிற என்ட்ரியை அடித்துவிட்டு டேலி பண்ணிவிடும். ஆடிட்டில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும்.

அதனால் முதலில் காதைக் கொடுங்கள். சத்தமே இல்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். சுற்றுகிறது ஆனால் பெயரே வரவில்லை என்றால் கேபிள், ஜம்பர், அடாப்டர். பெயரும் அளவும் சரியாக வந்து ஃபார்மட் கேட்டால் லெட்ஜர் கோளாறு. டிக், டிக், டிக் என்று தாளம் போட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். முனை போய்விட்டது. ஒவ்வொரு நிமிஷமும் தட்டைச் சுரண்டலாம். அதற்கு தூசி இல்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனம்தான் வழி, காசு பிடுங்கத்தான் செய்வார்கள். அதே மாதிரி டிஸ்கிலிருந்து சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது ரொம்பப் பழைய டிஸ்குகளோடு போனது. பிற்காலத்து போர்டில் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் பதிந்திருக்கும், மாற்றினால் வேலை செய்யாது.

எங்களுடையது லெட்ஜர் கோளாறும் கொஞ்சம் அழுகின இடங்களும். தம்பி லினக்ஸ் போட்டு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலை ஓட்டினார். அது டிஸ்கை அப்படியே ஒரு புது டிஸ்குக்குப் பிரதி எடுக்கும், பழையதில் ஒரு எழுத்துகூட எழுதாது. அது வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சுலபமாகப் படிக்கிற இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். தகராறு பண்ணும் இடத்தில் மல்லுக்கட்டாமல் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து அவற்றைத் தட்டும். கடன் வசூலுக்குப் போகிற நல்ல ஆபீசர் இப்படித்தான் :-) கவனம் ஒன்றே ஒன்று. எது மூலம், எது பிரதி என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்கைப் பழையதன் மேல் எழுதிவிடும். நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகச் சரிபார்த்து, அப்புறம்தான் என்டர் தட்டினோம். பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி மாதிரி.

ராத்திரி முழுக்க ஓடியது. அப்புறம் அந்தப் பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் போட்டு லெட்ஜரைத் தேடினோம். கிடைக்காததை அதன் கூடவே வரும் ஃபோட்டோரெக், லெட்ஜரே இல்லாமல் ஃபைலின் தலைப்பு அடையாளத்தை வைத்துப் பொறுக்கியது. எல்லாம் வரவில்லை. அக்கா கல்யாணப் படங்கள் பலது பாதிக்கு மேல் சாம்பல் நிறம். தாலி கட்டுகிற படத்தில் மாமா கை மட்டும் இருக்கிறது. தமிழில் அடித்து வைத்த கடிதங்கள் திறந்தால் கொக்கி கொக்கியாய்ப் புரியாத எழுத்து. டிஸ்க் கோளாறோ என்று பயந்தேன், இல்லை. யூனிகோட் வருவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோமே, டிஸ்கி, டேப், பாமினி என்று, அந்த வினை. கன்வர்ட்டரில் போட்டால் சரியாகிவிடும். அதுவும் ஒரு விதத்தில் படிக்க முடியாத டிஸ்க்தான்.

ஆறு துண்டு வீடியோவில் ஐந்து வந்தது. கானுக மரம் நான்காவதில்.

"முன்னாடியே எச்சரிக்கை வராதா?" என்று மனைவி கேட்டாள். வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. கூகுள் ஆட்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து எழுதினார்கள். டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலே, செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேல் செத்திருக்கின்றன. மாறாக, முதல் வாசிப்புப் பிழை தென்பட்டால், அடுத்த 60 நாளில் போகிற வாய்ப்பு 39 மடங்கு. பாதிப் பேர் சொல்லாமல் போகிறார்கள், சொல்கிறவர்களும் இரண்டு மாசம்தான் தவணை தருகிறார்கள்.

"எல்லாம் க்ளவுடில் போட்டுவிட்டால் போச்சு" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அதுவும் ஒரு இடம்தான். பாஸ்வேர்டு ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் அதுவும் ஷூ டப்பாதான். நம் ஆட்கள் ஓலையைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றவில்லை, செல்லரிப்பதற்குள் இன்னொரு ஓலையில் எழுதி எழுதித்தான் காப்பாற்றினார்கள். யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981-ல் எரிந்தபோது 97,000 புத்தகமும் சுவடியும் போனதே, அதில் வேறு பிரதி இல்லாமல் இருந்ததுதான் திரும்பி வராதது. இதைச் சொன்னது எதிர் வீட்டுத் தம்பி. அவர் வீட்டு ஆல்பங்களை மூன்று நாட்டில் வைத்திருக்கிறார். எங்கள் ஊர்க் கோவிலில் வேதநாராயணர் மீன் உருவில் நிற்கிறார், களவுபோன வேதத்தைக் கடலுக்குள் போய் மீட்டு வந்தவர். நைனா இருந்தால், பிரம்மாகூட ஒரே காப்பிதான் வைத்திருந்தார் பாரு என்று சொல்லி என்னை விட்டிருப்பார்.

வீடியோவை அனுப்பினேன். வெள்ளை பனியன், தோளில் துண்டு, நைனா மரத்தில் கை வைத்து நிற்கிறார். "இங்கருந்து தெற்கால பன்னெண்டு அடி. என் அடி, உன் அடி இல்ல" என்று சொல்லிச் சிரிக்கிறார். கேமரா ஆடுகிறது, சிரித்தது நான்.

தம்பி அதைத் தனியாகப் பார்க்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரரையும் திண்ணையில் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறான். அவரும் நைனாவோடு ஏர் ஓட்டினவர். இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, நைனா அடி எவ்வளவு நீளம் என்பதில் புதுத் தகராறு ஆரம்பித்தாராம். மறுநாள் தோண்டினார்கள். கல் கிடைத்தது, நாங்கள் சொன்ன இடத்திலும் இல்லை, அவர் சொன்ன இடத்திலும் இல்லை, நடுவில்.

போகும்போது அவர் ஒரு பென் டிரைவ் கொடுத்து, பெரியவர் வீடியோவை எனக்கும் போட்டுக் கொடு என்று கேட்டிருக்கிறார். தம்பி என்னிடம் கேட்டான், கொடுக்கலாமா என்று. உடனே கொடுடா என்றேன்.