கடவுள் மேல் பழி வேண்டாம்

2010 அக்டோபர் 25. புனேயிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காரின் பின் டயர் வெடித்தது. கார் பள்ளத்தில் பாய்ந்தது. 38 வயது மனிதர் ஒருவர் அங்கேயே உயிர் விட்டார். குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது விபத்து நஷ்டஈட்டு நடுவர் மன்றம். இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு செய்தது. அதன் வாதம்: டயர் வெடித்தது கடவுள் செயல்.

2023-ல் மும்பை உயர்நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. டயர் வெடிப்பது கடவுள் செயல் அல்ல, மனிதனின் கவனக்குறைவு என்றது. புறப்படும் முன் டயரின் நிலைமையைப் பார்க்க வேண்டியது வண்டியின் சொந்தக்காரர் அல்லது டிரைவரின் வேலை என்றும் சொன்னது.

கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும் தீர்ப்பு இது. ஆனால் 'கேரவன்' வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

தமிழனுக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஓய்வெடுக்கும் வண்டி. இப்போது சாதாரணக் குடும்பங்களும் அதில் பயணம் போகின்றன. கட்டில், அடுப்பு, குளியலறை என்று சகல வசதிகளோடு ஓடும் வீடு. 2021-ல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. நம்மூரில் இன்னமும் 'டெம்போ டிராவலர்' என்று அழைக்கப்படும் வேன்தான் பல கேரவன்களுக்கு அடித்தளம். அதைத் தயாரிக்கும் கம்பெனியின் தலைமையகம் புனேயின் ஆகுர்டியில். வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. இருப்பதும் புனேயில்தான். வண்டி பற்றிய ஞானத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனாலும் கேரவன்காரர்கள் ஒரு கேள்வியில் தடுமாறுகிறார்கள்: டயரை எப்போது மாற்றுவது?

லாரிக்காரருக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவர் வண்டி ஓயாமல் ஓடுகிறது. பட்டன் தேய்கிறது, தேய்ந்தால் மாற்றுகிறார். சட்டமும் தேய்மானத்தைத்தான் பார்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரண்டு, மூன்று சக்கர வண்டிகள் தவிர மற்றவற்றின் டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

கேரவன் கதை வேறு. வருடத்துக்கு 5,000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடத்தில் 40,000 கி.மீ. அப்போதும் பட்டன் பளிச்சென்று இருக்கக்கூடும். "இதைப் போய் யாராவது மாற்றுவார்களா?" என்று மனசு கேட்கும். வண்டி மூலையில் நிற்கும்போதும் டயருக்கு வயதாகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ரப்பருக்கு எதிரிகள் பலர். காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் அதை இறுக வைக்கின்றன. வெயில் அந்த வேலையை வேகப்படுத்துகிறது. இதைத் தடுக்க ரப்பரோடு மெழுகு போன்ற பொருள்களைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளிந்துகொண்டிருந்தால்தான் அவை மேல்பரப்புக்கு வந்து காக்கும். ஆகவே, நிற்கும் வண்டியின் டயருக்குக் காவல் குறைவு. பக்கச்சுவரில் முடி போன்ற விரிசல்கள் தோன்றுவது அதனால்தான். உள்ளே நடக்கும் சேதம் இன்னும் மோசம். இரும்புக் கம்பி அடுக்குக்கும் மேல் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. அது வெளியே தெரியாது. ஒரு நாள் வேகத்தில், சூட்டில், மேல்பட்டை அப்படியே உரிந்து வரும்.

இதற்கு மற்ற நாடுகள் கொடுத்த விலை பெரிது. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில், ஓர் இசைவிழா முடிந்து லிவர்பூலுக்குத் திரும்பிய பஸ்ஸின் முன் டயர் வெடித்தது. பஸ் மரத்தில் மோதி மூன்று பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 18. வெடித்த டயருக்கோ 19-க்கு மேல். பையனைவிட டயர் மூத்தது! ஆனால் கிழட்டு டயரோடு பஸ் ஓட்டுவது அன்று அங்கே குற்றமில்லை. அந்தப் பையனின் தாய் வருடக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் லாரி, பஸ்களின் முன் அச்சில் 10 வயதைத் தாண்டிய டயர்கள் தடை செய்யப்பட்டன. நம் விதியில் உள்ள 1.6 மி.மீ. கணக்கு வயதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. ஆகவே நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். டயரின் பக்கச்சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில், அதாவது ஜூன் மாதத்தில், பிறந்த டயர். சில டயர்களில் இந்த இலக்கம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு அடியில் திரும்பியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள். ஒரு நாள்கூட ஓடாத ஸ்டெப்னிக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. புது டயர் வாங்கும்போதும் இலக்கத்தைப் பாருங்கள். கடை அலமாரியில் மூன்று வருடம் தூங்கிய டயரைப் 'புத்தம் புதுசு' என்று தலையில் கட்டிவிடலாம்.

சரி, எத்தனை வயதில் மாற்றுவது? கார் கம்பெனிகள் பலவும் ஆறு வருடம் என்கின்றன. ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுதோறும் தேர்ந்த கையால் சோதனை, எந்த நிலையிலும் பத்து வருடத்தோடு விடை என்பது டயர் கம்பெனிகள் தரும் யோசனை. என் கணக்கு இது: ஐந்து முடிந்ததும் வருடம் ஒருமுறை டயரைக் கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி வெட்டவெளியில் வெயிலில் நிற்கிறதா? ஆறிலேயே மாற்றுங்கள். நிழலில், உறை போட்டு நிற்கிறதா? ஏழு வரை பொறுக்கலாம். விரிசல், வீக்கம், ஒரு பக்கத் தேய்மானம் தெரிந்தால் வயதைப் பார்க்காதீர்கள்; உடனே மாற்றுங்கள். பணம் இடித்தால் முன் அச்சில் தொடங்குங்கள். ஒரே அச்சில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று ஜோடி சேர்க்க வேண்டாம்.

டயரை வயதுக்கு முன்பே கிழடாக்குவது சுமை. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் நூறு கிலோ. பாட்டரி, பிரிட்ஜ், ஏ.சி., சிலிண்டர், பாத்திரம், அப்புறம் மாமியார் வீட்டிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி! எல்லாம் ஏற்றியபின் ஒருமுறை எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். டயரில் குறித்திருக்கும் சுமை அளவோடு ஒப்பிடுங்கள். காற்றைக் காலையில், வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் அதிகம் நெளியும்; நெளிந்தால் சூடேறும். மும்பை-புனே எக்ஸ்பிரஸ் சாலையின் கான்கிரீட்டில் ஒரே வேகத்தில் விரட்டும்போது அந்தச் சூடு தணிய வழியில்லை. பிறகு போர் காட் இறக்கம்; பிரேக்கின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. எல்லா விபத்துக்கும் டயர் மேல் பழி போடுவதும் நம்மிடம் உள்ள வழக்கம். 2023 ஜூலை 1 அன்று சம்ருத்தி நெடுஞ்சாலையில் பஸ் தீப்பிடித்து 25 பேர் இறந்தபோது, டயர் வெடித்தது என்றார் டிரைவர். டயர் வெடித்ததற்கு அடையாளமில்லை என்றது போக்குவரத்துத் துறையின் அறிக்கை. உண்மையிலேயே வெடித்தாலும், நீதிமன்றம் சொன்னதுபோல, அது டயரின் குற்றம் அல்ல.

கழற்றிய டயரை என்ன செய்வது? பார்க்க நன்றாக இருப்பதால் 'செகண்ட்ஸ்' கேட்டு ஆள் வருவார். சில ஆயிரம் கிடைக்கும். கொடுக்காதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று கழற்றிய டயர் இன்னொரு குடும்பத்தின் வேனில் ஏறும். பக்கச்சுவரில் ஒரு வெட்டுப் போட்டு, மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

லட்சக்கணக்கில் செலவழித்து வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றியாகிவிட்டது. சாலையைத் தொடுவது என்னவோ ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அகல ரப்பர்தான். அடுத்த பயணத்துக்கு முன் ஒரு டார்ச் விளக்கோடு குனிந்து அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள். ஐந்து நிமிஷ வேலை.